பரவாயில்லை என்பதற்கு எத்தனை மதிப்பெண்?

வலியோடு வாழ்கிற ஒருவரிடம் மருத்துவ உலகம் இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. ஒன்று, "எவ்வளவு வலிக்கிறது?" இன்னொன்று, "எப்படி இருக்கிறீர்கள்?" முதல் கேள்விக்கு எண்ணில் பதில் தேடும் முயற்சி தொடங்கி எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டாவது கேள்வி படிவமாகி, அதற்கும் எண்ணில் பதில் எழுதச் சொல்லும் வழக்கம் அதற்குப் பிறகு வந்தது. தினமும் நாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற சாதாரணக் கேள்விகள்தான் இவை. ஆனால் இவை ஆராய்ச்சிக்குள் நுழைந்த விதத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றின் பல திருப்பங்களில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சில நேரம் ஆய்வாளராக, பல நேரம் ஆய்வுப் பொருளாக.

நான் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுப்பவள். பன்னிரண்டு ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு வாழ்பவள். காலையில் விரல்கள் மடங்குவதற்கு ஒரு மணி நேரம் ஆகும். என்னிடமும் பலமுறை எண் கேட்டிருக்கிறார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அந்த எண் எங்கிருந்து வந்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தேடிப் படித்ததில் கிடைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1940இல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மூன்று பேர் வலியை அளக்க ஒரு கருவி செய்தார்கள். ஜேம்ஸ் ஹார்டி, ஹெரால்ட் உல்ஃப், ஹெலன் குடெல். நெற்றியில் கறுப்பு மை பூசி, அந்த இடத்தில் ஒரு விளக்கின் வெப்பத்தை லென்ஸ் வழியாகக் குவித்து மூன்று விநாடி பாய்ச்ச வேண்டும். சூடு எந்த இடத்தில் வலியாக மாறுகிறது என்று உட்கார்ந்திருப்பவர் சொல்ல வேண்டும். முதல் சோதனைகளை மூவரும் தங்கள் நெற்றியிலேயே செய்துகொண்டார்கள். பிறகு வலிக்கு 'டோல்' என்று ஓர் அலகும் வகுத்தார்கள். நீளத்துக்கு மீட்டர் போல, எடைக்குக் கிலோ போல, வலிக்கு டோல். உச்ச அளவு பத்தரை டோல். அதற்கு மேல் வெப்பத்தை எவ்வளவு கூட்டினாலும் வலி கூடுவதில்லை என்றார்கள்.

இந்த அளவுகோலைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோனபோது கதை வேறாகிறது. ஹார்டியும் மகப்பேறு மருத்துவர் கார்ல் ஜாவெர்ட்டும் பிரசவ வலியில் இருந்த 13 பெண்களிடம் இதைச் சோதித்து 1949இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடைப்பட்ட நேரத்தில் அந்தப் பெண்ணின் கையில் வெப்பத்தைப் பாய்ச்சுவார்கள். சற்றுமுன் இடுப்பில் வந்த வலியும் இப்போது கையில் வரும் வலியும் சமமா, கூடவா, குறைவா என்று அவள் சொல்ல வேண்டும். மூச்சு வாங்கக் கிடைக்கிற அந்தச் சில நிமிடங்களில் அவளுக்கு இன்னொரு வலியைக் கொடுத்து, இரண்டையும் ஒப்பிடச் சொன்னார்கள்.

அந்த ஆய்வாளர்களைக் கொடியவர்கள் என்று சொல்வதல்ல என் நோக்கம். வலியைக் குறைக்கும் மருந்துகள் நிஜமாகவே வேலை செய்கின்றனவா என்று தெரிய ஓர் அளவு தேவைப்பட்டது. ஆனால் அவர்கள் தேடியது, வலிக்கிறவருடைய வாழ்க்கை கலக்காத ஒரு சுத்தமான எண்ணை. யார் அவள், இது எத்தனையாவது பிரசவம், வீட்டில் யார் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கில் வராத எண்.

அந்தக் கனவை உடைத்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி பீச்சர். ஹார்வர்டின் மயக்கவியல் மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் படுகாயமடைந்த வீரர்களைப் பார்த்தவர், அவர்களில் பெரும்பான்மையோர் வலிமருந்து கேட்கவில்லை என்பதைக் கவனித்து 1946இல் எழுதினார். அதே அளவு காயத்தை அறுவை சிகிச்சையில் பெறும் சாதாரண மக்களோ மருந்து கேட்டார்கள். காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றல்ல என்றார் அவர். போர்க்களத்தில் காயம் என்றால் உயிரோடு வீடு திரும்பலாம் என்று பொருள். அறுவை சிகிச்சைக்கு வருகிறவருக்கு அதே காயம் வாழ்க்கை கவிழ்வது. ஆய்வகத்தில் சூடு வைத்து உண்டாக்கும் வலி, வாழ்க்கையில் வரும் வலிக்கு ஈடாகாது என்ற அவருடைய வாதம் மெல்ல வென்றது. டோல் என்ற அலகு இன்று மருத்துவ வரலாற்று நூல்களில் மட்டுமே இருக்கிறது.

அப்படியானால் வலியைப் பற்றி யாரிடம் கேட்பது? வலிக்கிறவரிடம்தான். இவ்வளவு எளிய விடைக்கு மருத்துவம் வந்துசேர இன்னும் சில பெண்கள் தேவைப்பட்டார்கள்.

1950களில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ரொனால்ட் மெல்சாக் என்ற இளம் உளவியலாளர் ஒரு மூதாட்டியைச் சந்தித்தார். எழுபதுகளில் இருந்தவர். சர்க்கரை நோயால் அழுகிப்போன காலை வெட்டி எடுத்திருந்தார்கள். ஆனால் இல்லாத அந்தக் கால் அவருக்கு வலித்தது. எப்படி வலிக்கிறது என்று அவர் விதவிதமான சொற்களில் விவரிக்க, மெல்சாக் குறித்துக்கொண்டே வந்தார். பிறகு மற்ற நோயாளிகளின் சொற்களையும் சேகரித்தார். வாரன் டார்கர்சன் என்பவரோடு சேர்ந்து அவற்றை வகைப்படுத்தி 1971இல் வெளியிட்டார். 1975இல் அது மெக்கில் வலி வினாத்தாள் ஆனது. 20 தொகுதிகளில் 78 சொற்கள். எரிகிறதா, குத்துகிறதா, துடிக்கிறதா என்பதோடு, சோர்வடையச் செய்கிறதா, தண்டிப்பது போல இருக்கிறதா, கொடூரமாக இருக்கிறதா என்ற சொற்களும் அதில் உண்டு. வலியை எண்ணாக மட்டும் பார்க்காமல் மொழியாகப் பார்த்த முதல் பெரிய முயற்சி அது. உலகெங்கும் பயன்படும் அந்த வினாத்தாளுக்கு விதை போட்டது ஒரு பாட்டியின் பேச்சு.

நம் மொழியில் இப்படி ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். கால் கடுக்கும். மூட்டு குடையும். முதுகு பிடித்துக்கொள்ளும். நரம்பு இழுக்கும். தலை விண்விண்ணென்று தெறிக்கும். வயிறு பிசையும். உள்ளங்கால் எரியும். உளைச்சல் என்று சொன்னால் காலுக்கும் பொருந்தும், மனதுக்கும் பொருந்தும். வலி என்ற சொல்லுக்கே பழந்தமிழில் வலிமை என்று பொருள். குறளின் 'வலியறிதல்' அதிகாரம் பேசுவது பலத்தை அறிவதைப் பற்றித்தான். 'மேல்வலி' என்று என் பாட்டி சொன்னால், அதில் உடம்பு, அசதி, மனச்சலிப்பு மூன்றும் இருக்கும். பூஜ்யத்திலிருந்து பத்துவரை உள்ள எந்த எண்ணும் அதைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டாது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் இன்னொரு பெண் வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். சிசிலி சாண்டர்ஸ். செவிலியராகத் தொடங்கியவர். தீராத முதுகுவலியால் அந்த வேலையை விட நேர்ந்தது. மருத்துவமனைச் சமூகப்பணியாளர் ஆனார். பிறகு மருத்துவம் படித்து 1957இல் மருத்துவரானார். லண்டனில் இறுதிக்கட்ட நோயாளிகளின் படுக்கையருகே அமர்ந்து அவர்கள் பேசுவதைக் கேட்டார், ஒலிப்பதிவும் செய்தார். வலியைப் பற்றிக் கேட்டபோது ஒரு பெண், முதுகில் தொடங்கியதைச் சொல்லி, வேலைக்குப் போகும் கணவனும் மகனும் தனக்காக லீவு போட்டால் சம்பளம் போகுமே என்ற கவலையைச் சொல்லி, தன்னை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற தனிமையையும் சொன்னார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். அதெல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய வலி என்று சாண்டர்ஸ் எடுத்துக்கொண்டார். உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய எல்லாம் கலந்த 'முழு வலி' என்ற கருத்து 1960களில் இப்படித்தான் பிறந்தது. 1967இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர் இல்லம் நவீன வலிதணிப்புச் சிகிச்சையின் தாய்வீடு ஆனது.

அமெரிக்காவில் மார்கோ மெக்காஃப்ரி என்ற செவிலியர் 1968இல் ஒரு வரையறை தந்தார். அனுபவிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி, அவர் இருக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் அது இருக்கிறது என்பது அதன் சாரம். இன்று படிக்கும்போது இதில் என்ன புதுமை என்று தோன்றும். ஆனால் "ஸ்கேனில் ஒன்றுமில்லையே" என்ற பதிலோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட யாருக்கும் இதன் அருமை தெரியும். பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979இல் ஏற்ற வரையறையை 2020இல் திருத்தியபோது, ஒருவர் தன் வலியைப் பற்றிச் சொல்வதை மதிக்க வேண்டும், சொல்ல முடியாத நிலையில் இருப்பதால் அவருக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது என்ற குறிப்புகளையும் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்களின் பன்னாட்டு வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி தனி நோயாகவும் இடம்பெற முடிந்தது.

எனவே எண் சொல்லும் உரிமை லேசாகக் கிடைத்ததல்ல. 1974இல் ஹஸ்கிசன் என்ற மருத்துவர் வலியை அளக்கப் பரிந்துரைத்த பத்து சென்டிமீட்டர் கோடும், 1980களில் டோனா வாங் என்ற செவிலியரும் கானி பேக்கர் என்ற குழந்தைநலப் பணியாளரும் குழந்தைகளுக்காக உருவாக்கிய ஆறு முகங்களும் மருத்துவரின் கையிலிருந்த பென்சிலை நோயாளியின் கைக்கு மாற்றின. அவளுடைய வலியை அவளே குறிக்கலாம். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் பென்சில் கைக்கு வந்துவிட்டால் உண்மை தாளுக்கு வந்துவிடுமா? குறித்ததை நம்புகிறார்களா என்பது முதல் சிக்கல். 2001இல் டயான் ஹாஃப்மன், அனிதா டார்ஜியன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பெண்கள் வலியைச் சொல்லும்போது அது உணர்ச்சிவசப்பட்ட பேச்சாக, மனம் சார்ந்ததாக எடுத்துக்கொள்ளப்படுவதையும், ஆண்களைவிடக் குறைவான தீவிரத்தோடு அவர்களுக்குச் சிகிச்சை தரப்படுவதையும் அது காட்டியது. ஒரு பெண் எட்டு என்று சொன்னால், கேட்பவர் மனதுக்குள் இரண்டைக் கழித்துக்கொள்கிறார்.

இரண்டாவது சிக்கல் இதைவிட ஆழமானது. கேட்கிறவர் கழிப்பதற்கு முன்பே, சொல்கிறவளே கழித்துவிடுகிறாள். இது வெளிச்சத்துக்கு வந்தது, வலியின் அளவைத் தாண்டி வாழ்வின் நலத்தை அளக்கத் தொடங்கியபோதுதான்.

உடல், மன, சமூக நலம் முழுமையாக இருப்பதே ஆரோக்கியம், நோய் இல்லாமல் இருப்பது மட்டுமல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 1948இலேயே சொல்லிவிட்டது. ஆனால் அந்த நலத்தை எப்படி அளப்பது? 1990களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம் வாழ்க்கைத் தரத்துக்கு ஒரு வினாத்தாள் தயாரிக்க இறங்கியது. ஒரு நாட்டில் எழுதி மற்ற நாடுகளில் மொழிபெயர்ப்பது என்ற பழைய வழியை விட்டு, உலகின் 15 மையங்களில் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. அவற்றில் ஒன்று நம் சென்னை, அன்றைய மெட்ராஸ். நோயாளிகளும் மருத்துவப் பணியாளர்களும் சாதாரண மக்களும் குழுக்களாக உட்கார்ந்து, நல்ல வாழ்க்கை என்றால் என்ன என்று பேசினார்கள். 236 கேள்விகளைக் கொண்ட முன்னோட்டம் மையத்துக்குச் சுமார் 300 பேர் என்ற கணக்கில் நடந்தது. பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. அதிலிருந்து 100 கேள்விகள் கொண்ட வினாத்தாளும், பின்னர் 26 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் வந்தன. இன்று நம் ஊர் மருத்துவக் கல்லூரி ஆய்வேடுகளில் அதிகம் பயன்படுவது இந்தச் சுருக்க வடிவம்தான்.

அந்த 26இல் வலியைப் பற்றிய கேள்வி ஒன்று: நீங்கள் செய்ய வேண்டியவற்றைச் செய்யவிடாமல் உடல் வலி உங்களை எந்த அளவுக்குத் தடுக்கிறது?

நல்ல கேள்விதான். வலி எவ்வளவு என்று கேட்காமல், வலி உன் வாழ்க்கையை என்ன செய்கிறது என்று கேட்கிறது. ஆனால் இது நம் வீடுகளுக்குள் வரும்போது என்ன ஆகிறது என்பதை ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகள் வரிசையில் நான் கேட்டேன். பக்கத்து நாற்காலியில் அறுபது வயதை ஒட்டிய ஓர் அம்மா. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். படிவத்தோடு வந்த மாணவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"வலியால உங்க வேலை எந்த அளவுக்குத் தடைபடுதும்மா?"

"வேலை எங்க தம்பி தடைபடுது? நான் செய்யலேன்னா வேற யாரு செய்வா? எல்லாம் நடந்துக்கிட்டுதான் இருக்கு."

அவர் 'சிறிதும் இல்லை' என்பதில் டிக் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார். அந்த அம்மா என்னிடம் பேச்சைத் தொடர்ந்தார். முன்பு இடுப்பில் ஒரு குடம் தூக்கி வருவாராம். இப்போது அரைக் குடமாக இரண்டு நடை. முன்பு தரையில் உட்கார்ந்து காய் நறுக்குவார். இப்போது நின்றுகொண்டே நறுக்குகிறார், நடுவில் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். ஒன்பது மணிக்கு முடிந்த வேலை இப்போது பதினொன்றுக்குத்தான் முடிகிறது. "என்ன செய்ய, பரவாயில்லை, ஓடுது" என்றார்.

வலி அவருடைய வேலையை நிறுத்தவில்லை. நீட்டித்துவிட்டது. ஒரு நடையை இரண்டாக்கியது, தூக்கத்தில் இரண்டு மணி நேரத்தை எடுத்துக்கொண்டது. அலுவலகத்துக்கு லீவு போடக்கூடியவருக்கு, "தடுக்கிறதா" என்ற கேள்வி பொருந்துகிறது. லீவே இல்லாத வேலைக்கு அது பொருந்தவில்லை. படிவத்தில் தூக்கம் பற்றியும் அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் பற்றியும் கேள்விகள் உண்டு. ஆனால் யாருடைய வேலை நின்றால் வீடு நின்றுபோகும் என்ற கேள்வி எங்கும் இல்லை. கணக்கில் அந்த அம்மா வலியால் பாதிக்கப்படாதவர்.

அவருடைய பதிலுக்கு இந்தியாவில் ஒரு பழைய முன்னோடி உண்டு. 1944, வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு. கல்கத்தாவிலிருந்த அகில இந்தியச் சுகாதாரம் மற்றும் பொதுநல நிறுவனம், அருகிலுள்ள சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. துணையை இழந்தவர்களிடம் அவர்களுடைய உடல்நலம் பற்றிக் கேட்டபோது, மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் நோயாக இருப்பதாகவோ உடம்பு சுகமில்லை என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். நோய் என்று திட்டமாகச் சொல்ல முடியாத, சுமார்தான் என்கிற நிலையை மட்டும் எடுத்துக்கொண்டால், ஆண்களில் 45.6 சதவீதம். பெண்களில் ஒருவர்கூட இல்லை.

அந்தக் காலத்து வங்காளத்தில் விதவைகளின் வாழ்க்கை எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியும். ஒருவேளைச் சோறு, விரதம், மூலையில் ஓர் இடம். அவர்கள் ஆண்களைவிட இருபது மடங்கு ஆரோக்கியமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அமர்த்தியா சென் இந்தப் புள்ளிவிவரத்தை 1980களில் எடுத்துக்காட்டி ஒரு முக்கியமான வாதத்தை வைத்தார். தொடர்ந்து இல்லாமையில் வாழ்கிறவர், தாக்குப்பிடிப்பதற்காகத் தன் எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொள்கிறார். அவரிடம் போய்த் திருப்தியாக இருக்கிறாயா என்று கேட்டு, வந்த பதிலை வைத்து அவருடைய நலத்தை முடிவு செய்தால், அநியாயம் தன்னைத் தானே மறைத்துக்கொள்ளும். நோயுற்றதாகச் சொல்பவர்கள் கேரளத்தில் அதிகம், பீகாரில் குறைவு என்பதையும் அவர் பிறகு சுட்டிக்காட்டினார். ஆயுட்காலமோ கேரளத்தில்தான் கூடுதல். படிப்பும் மருத்துவமும் எட்டிய இடத்தில்தான் உடம்பு சுகமில்லை என்று சொல்லவே வாய் வருகிறது.

இந்த இடத்தில் பல பெண்ணியத் தோழிகள் நின்றுவிடுகிறார்கள். "பார்த்தீர்களா, சுயமதிப்பீடே பொய். அவள் நன்றாயிருக்கிறேன் என்றால் நம்பாதீர்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. எட்டு என்று சொன்னால் இரண்டைக் கழிக்கும் மருத்துவருக்கும், நன்றாயிருக்கிறேன் என்று சொன்னால் அதை அழித்துவிட்டுப் பரிதாபத்தை எழுதுகிற நமக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேருமே அவளைவிட அவளை நன்றாகத் தெரியும் என்கிறோம்.

கேரி ஆல்பிரெக்ட், பாட்ரிக் டெவ்லீகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் 153 பேரிடம் நீண்ட உரையாடல் நடத்தி, 1999இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கணிசமான உடற்குறைபாடு உள்ளவர்களில் 54.3 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கைத் தரம் நன்று அல்லது மிக நன்று என்றார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது புதிராகத் தெரிந்தது. ஆனால் உரையாடலில் காரணங்கள் வந்தன. தன் உடம்பைத் தெரிந்துகொண்டது, உறவுகளை மறுபடி கட்டிக்கொண்டது, வாழ்வுக்கு ஒரு நோக்கம் கண்டது. கூடவே, நன்றாக இல்லை என்று சொன்னவர்களின் காரணங்களில் வலியும் தீராத களைப்பும் முன்னால் நின்றன.

என் வாழ்க்கைக்கு மதிப்பெண் கேட்டால் பத்துக்கு ஏழு என்பேன். அது சிங்கூர் விதவையின் "சுகம்தான்" அல்ல. எனக்குச் சம்பளம் இருக்கிறது. மாத்திரை வாங்க யாரிடமும் கை நீட்ட வேண்டாம். வலிக்கிற நாளில் "இன்று சமையல் இல்லை" என்று என்னால் சொல்ல முடிகிறது, சொன்னால் வீடு கேட்கிறது. முழங்கால் தேய்ந்த அந்த அம்மாவும் ஏழு என்று சொல்லக்கூடும். இரண்டு ஏழும் தாளில் ஒன்றுபோலவே தெரியும். எது கட்டியெழுப்பிய ஏழு, எது விழுங்கிக்கொண்ட ஏழு என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எண்ணைச் சுற்றியுள்ளதைக் கேட்டால் சொல்லலாம். அதற்கு உதவுகிற ஓர் அளவுகோல் ஆஸ்திரேலியாவில் உருவானது. டீக்கின் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கம்மின்ஸும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய தனிநபர் நல்வாழ்வுக் குறியீடு. 2001 முதல் அந்த நாட்டு மக்களிடம் தொடர்ந்து எடுக்கப்படுகிறது. வசதி, உடல்நலம், வாழ்வில் அடைந்தவை, உறவுகள், பாதுகாப்பு, சமூகத்தோடு உள்ள பிணைப்பு, எதிர்காலத்தைப் பற்றிய உறுதி ஆகிய ஏழு துறைகளில் எவ்வளவு திருப்தி என்று பூஜ்யம் முதல் பத்துவரை சொல்ல வேண்டும். நூற்றுக்கு மாற்றிப் பார்த்தால் அங்கே சராசரி 75ஐ ஒட்டியே ஆண்டுதோறும் நிற்கிறது.

உடம்பு தன் வெப்பத்தை ஒரே நிலையில் வைத்துக்கொள்வது போல, மனமும் தன் நலவுணர்வை ஒரு நிலையில் பிடித்துவைக்கிறது என்பது கம்மின்ஸின் கருத்து. அதனால்தான் பெரும்பாலோர் சிறிய அடிகளிலிருந்து மீண்டுவிடுகிறார்கள். ஆனால் நாள்பட்ட வலி போன்ற விடாத அடி அந்தப் பிடியையே தளர்த்திவிடும். அப்போது தாங்கிப்பிடிப்பவை எவை? பணமும் நெருங்கிய உறவும் முதன்மையான தாங்கிகள் என்கிறார் அவர். இதை ஒரு பெண்ணின் கண்ணால் படித்துப் பாருங்கள். கையில் தனக்கென்று காசு இல்லாதவள், வீட்டில் எல்லோரையும் தாங்கியும் தன்னைத் தாங்க ஒருவர் இல்லாதவள், வலி வந்தபோது இந்த இரண்டு தூண்களும் இல்லாமல்தான் அதை எதிர்கொள்கிறாள்.

அதே குறியீட்டைக் கொண்டு 2007இல், வீட்டில் நோயாளிகளையும் மாற்றுத்திறனாளிகளையும் பராமரிக்கும் ஆயிரக்கணக்கானோரிடம் ஆய்வு நடந்தது. அவர்களுடைய சராசரி 58.5. அதுவரை அந்த ஆய்வாளர்கள் பார்த்த எந்தக் குழுவுக்கும் அவ்வளவு குறைவாக வந்ததில்லை. பராமரிப்பவர்களில் பெண்களின் நிலை ஆண்களைவிடக் கீழே இருந்தது. நாள்பட்ட வலி அவர்களிடம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததையும் அந்த ஆய்வு பதிவு செய்தது. வலியோடு இருப்பவரைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டுகிறவளும் வலியோடுதான் இருக்கிறாள். நோயாளியின் படிவத்தில் அவள் 'உடன் வந்தவர்' மட்டும்தான்.

ஆகவே அளவுகோல்களைத் தூக்கியெறியச் சொல்ல மாட்டேன். அந்த 58.5 என்ற எண் இல்லாவிட்டால், பராமரிக்கும் பெண்களின் களைப்பு அவரவர் வீட்டுப் புலம்பலாகவே போயிருக்கும். எண்ணாக வந்ததால்தான் அதை அரசின் மேசையில் வைக்க முடிந்தது. எண் நமக்கு வேண்டும். ஆனால் அது எந்த நாற்காலியில் உட்கார்ந்து, யார் பக்கத்தில் நிற்க, எதற்குப் பயந்து சொல்லப்பட்டது என்பதும் அதோடு சேர்ந்து வர வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் பலர் ஆய்வேட்டுக்காக இப்படிப்பட்ட படிவத்தோடு ஒரு வார்டுக்கோ தெருவுக்கோ போவீர்கள். அவரைத் தனியாகக் கேளுங்கள். மாமியாரோ கணவரோ மகனோ பக்கத்திலிருந்து பதில் சொன்னால், அதை அவருடைய பதிலாக எழுதாதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அவர் சொன்ன சொல்லையும் எழுதுங்கள், குடைச்சலா கடுப்பா எரிச்சலா என்று. வேலை தடைபடுகிறதா என்று கேட்டபின், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், நீங்கள் செய்யாவிட்டால் யார் செய்வார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். மாத்திரைக்குக் காசு யாரிடமிருந்து வருகிறது என்று கேளுங்கள். உடன் வந்திருக்கும் பெண்ணுக்கும் ஒரு படிவம் கொடுங்கள்.

"பரவாயில்லை" என்று பதில் வந்தால் உடனே டிக் போடாமல், கொஞ்சம் பொறுத்திருங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் அவர் பேசத் தொடங்குவார்.